முன்வரிசையில் மர்சலின்

துணை நடிகர்களை அழைத்துவரும் ஏஜென்ட் ஜவஹர், ஆளைப் பார்த்ததுமே பிரித்துவிடுவார். கலராக இருந்தால் ரிச் கிரவுட். மற்றவர்கள் லோ கிரவுட். லோ கிரவுடான மந்தைவெளி மர்சலின் படங்களில் குழாயடியில் சண்டை போட்டிருக்கிறாள், தலைவர் சாவுக்கு மாரடித்திருக்கிறாள். ஒரு சினிமாக் கல்யாணத்திலும் இலை முன்னால் உட்கார்ந்ததில்லை.

அன்று மயிலாப்பூர் மண்டபத்தில் படப்பிடிப்பு. சாதியை எதிர்க்கும் படம். பந்தியில் எல்லாரும் சமம் என்று கதாநாயகன் பேசப்போகிறான். லோ கிரவுடுக்கு எச்சில் இலை எடுக்கும் வேலை. மர்சலின், மாதா கோயிலில் மகளுக்கு நடந்த புதுநன்மைச் சடங்குக்கு எடுத்த மெரூன் பட்டில் வந்திருந்தாள்.

"ஒரு தபா பந்தியில ஒக்கார வையேன், அண்ணே."

"நீ பட்டு கட்னா எஜமானியம்மா குடுத்த பழசுன்னுதான் நெனைப்பாங்க. போய் மாத்திக்கினு வா."

"இவரு மூஞ்சி மட்டும் இன்னா, ரிச்சா கீதா?" என்று முணுமுணுத்தாள் தோழி லிண்டா.

மர்சலின் மாற்றப் போகவில்லை. கேமரா ஓடப்போகும் நேரத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி செல்போனோடு வெளியே போனாள். மர்சலின் நேராக நடந்துபோய் அந்த இலை முன்னால் உட்கார்ந்தாள். முழுப் பந்தியும் தெரியும் வைட் ஷாட் ஓகே ஆனது.

ஜவஹர் ஓடிவந்தார். "ஏந்திரிடி."

"வைட்ல வந்துட்டேன், அண்ணே. இப்ப ஏந்திரிச்சா கன்டினியுட்டி இன்னா ஆவும்?"

ஒருமுறை பதிவான ஆள் காட்சி முடியும்வரை அதே இடத்தில் இருந்தாக வேண்டும். உதவி இயக்குநர் ராகேஷ் மானிட்டரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பளிச்னு தெரியறாங்க. நகத்தாதீங்க சார்."

பிறகு பண்ணையாராக நடித்த பெரிய நடிகர், ஒவ்வொரு டேக்கிலும் குனிந்து அவளுக்குப் பாயசம் ஊற்றினார். எச்சில் இலை வாளியோடு கடந்துபோன லிண்டா, "மேடத்துக்கு எப்டி கீது?" என்றாள்.

"முந்திரி கம்மி. சொல்லி வை."

பொழுது சாய்ந்தும் காட்சி முடியவில்லை. அவள் இல்லாமல் நாளை ஷூட்டிங் இல்லை என்று ராகேஷ் சொல்லிவிட, ஜவஹர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு வந்துடு, மர்சலின். ஒடம்பு சரியில்ல, அது இதுன்னு சொல்லிடாத."

"வர்றேன், அண்ணே. அடுத்த கல்யாண சீன்ல லிண்டாவுக்கும் முன்வரிசை குடுத்துடு."

அவர் ராகேஷைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சரி."

"அங்க கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்க, ஜவஹர் குரலை உயர்த்தி அதை மறுபடி சொன்னார்.