நடவு வயலில் இறங்கிய காமாக் கேமரா

பலூனில் கேமராவைக் கட்டி மேலே அனுப்பி, விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர்களைப் படம் பிடிப்பது என் தொழில். என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

வரிசைப் பிரியர்

காமாக் கதிரை வளைத்துக் குவிக்கிற கண்ணாடி வில்லை கிடையாது. அதனால் ஓர் ஈயத் தகட்டில் ஓட்டைகள் போட்டுக் கேமராவின் தலையில் மாட்டுவோம். தகட்டின் நிழல், கீழே கதிரைப் பதிவு செய்யும் படிகத்தில் விழும். அந்த நிழலை வைத்து, கதிர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். ஓட்டைகள் பார்வைக்குத்தான் தாறுமாறாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்து இடம் வைத்திருக்கிறோம்.

புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். சொன்ன நாளில் தகடு தயார். ஓட்டைகள் எல்லாம் இட்லித் தட்டு மாதிரி வரிசையாக நின்றன. பட்டறைக்காரர் முகத்தில் அவ்வளவு பெருமை. வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

"டிராயிங் போட்டவரு எங்கயோ கவனத்த விட்டுட்டாரு மேடம். ஒங்கள அலைய விடக் கூடாதுன்னு நானே நேராக்கிட்டேன்."

காற்று போதாத பலூன்

இரண்டாவது தகடு சரியாக வந்தது. மேலே காற்று அடங்கியிருக்கும் பருவம் பார்த்து, ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் ஏற்பாடு செய்தோம். நண்டு நெபுலாவைப் படம் பிடிப்பதாகத் திட்டம். எப்போதோ வெடித்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் அது. படிகத்தைச் சேர்த்துக் கட்டவே எங்களுக்குப் பல வருஷம் ஆகிவிட்டது. அது போனால் இன்னொன்று கிடையாது.

பலூன் கிளம்புகிற அன்று, தனியாகக் கழற்றி வண்டியில் எடுத்து வந்த தகட்டை, என்னுடன் வேலை பார்க்கும் முருகேசன் கேமராப் பெட்டியில் மாட்டினார். காற்று கிளம்பிவிடுமோ என்று நான் பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். பலூனில் கொஞ்சம்தான் வாயு அடைப்போம். மேலே போகப் போக அது தானே விரிந்துகொள்ளும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அந்தத் தொளதொளப்பு பிடிக்கவே இல்லை. ஒருவர் ஆதரவாகக் கிட்டே வந்தார்.

"முழுசா அடிச்சு விடுங்க மேடம். காத்து பத்தலைன்னா சொல்லுங்க, பங்சர் கடை எங்க மச்சானோடதுதான்."

இறங்கிய இடம்

பலூன் தன் வேலையைச் சரியாகச் செய்தது. வேலை முடிந்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கியது. பொன்னமராவதிப் பக்கம் எவ்வளவோ தரிசு கிடக்க, அன்றுதான் நட்டு முடித்த வயலில் தலைகுப்புற விழுந்து கிடந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் வள்ளிக்கண்ணு வரப்பில் நின்றிருந்தார். மழை வேறு திரண்டு வந்தது. வண்டி உள்ளே வராது என்பதால் தகட்டையும் படிகம் அடைத்த உள்பெட்டியையும் அங்கேயே பிரித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நசுங்கிய நாற்றுக்கு ஒரு வழி செய்கிறோம் என்று போகிற போக்கில் சொன்னேன்.

"அம்புட்டுப் பெரிய வானத்துல போனது, எறங்க எங்க நடவுதான் கெடச்சுச்சா?"

கூழ்

படம் வரவில்லை. கதிர்கள் வந்து விழுந்த பதிவு ஒழுங்காக இருந்தது. ஆனால் கணக்குப் போட்டால் திரை முழுக்கக் கூழ் கரைத்து ஊற்றியது போலிருந்தது, நெபுலா எங்கும் இல்லை. விழுந்த அதிர்ச்சியில் உள்ளே படிகத் துண்டுகள் இடம் மாறியிருக்கும் என்றார் முருகேசன். உள்பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். திறந்தால் நம் ஊர் ஈரக் காற்று பட்டுப் படிகம் கெட்டுவிடும். எனக்கோ படிகம் நன்றாக இருக்கிறது என்றுதான் உள்ளுக்குள் தோன்றியது. அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

முருகேசன் பெட்டியைத் திறக்கத் திருப்புளியை எடுத்து மேஜையில் வைத்த நேரத்தில் வள்ளிக்கண்ணுவிடமிருந்து போன் வந்தது.

"நாத்துக்கு வழி பண்றேன்னீங்க, ஆளையே காணோம். வந்து எங்க வயலக் கண்ணால பாத்துட்டு அப்பறம் ஒங்க வேலையப் பாருங்க."

மண்ணில் ஒரு படம்

நான் வரும்வரை பெட்டியில் கை வைக்க வேண்டாம் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டுப் போனேன். வள்ளிக்கண்ணு லேசுப்பட்டவர் இல்லை. சேதத்தை நாங்கள் மறுத்துவிடக் கூடாது என்று, நாங்கள் கிளம்பிய கையோடு, மழை இறங்குவதற்குள், பெட்டி விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும் குட்டி வரப்பு கட்டித் தண்ணீரை மறித்து, மேலே தார்ப்பாயும் போட்டு வைத்திருந்தார். "இங்கிட்டு வந்து பாருங்க" என்று பாயை விலக்கினார். காய்ந்த சேற்றில் எங்கள் தகடு அச்சு அசலாகப் பதிந்திருந்தது. ஓட்டை இருந்த இடமெல்லாம் மண் எழும்பி நின்றது. ஓரத்தில், பெட்டியோடு பொருத்தியிருந்த ஆன்டெனா கம்பி குத்திய குழி.

தகட்டில் ஒரு மூலையில் மட்டும் ஓட்டை கிடையாது. அந்த மூலை ஆன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே அது அடுத்த மூலைக்குப் போயிருந்தது. பொட்டலில் அவசரப்பட்டு மாட்டியபோது தகடு கால் சுற்றுத் திரும்பிவிட்டது. வரப்பில் நின்றே போன் போட்டேன். "திருப்புளியக் கீழ வைங்க முருகேசன். கம்ப்யூட்டர்ல தகட்டக் கால் சுத்து திருப்பிப் போட்டுப் பாருங்க" என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "புள்ளி நிக்குது மேடம்" என்றார். நண்டு நெபுலா, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்ன விஷயம் என்று வள்ளிக்கண்ணு கேட்டார். தகட்டைத் திருப்பி மாட்டிய கதையை ஒளிக்காமல் சொன்னேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த இடத்தை நானே நட்டுத் தருகிறேன் என்று சேற்றில் இறங்கினேன். அவர் கட்டி வைத்திருந்த ஒரு முடி நாற்றை என் கையில் கொடுத்தார், உடனே விட்டுவிடவில்லை.

"நடுங்க, வேணாங்கல. வேர் கீழ போகணும், தழை மேல நிக்கணும். அதையும் திருப்பி மாட்டிறாதீங்க."

பல ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து புறப்பட்ட கதிர் வழி தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது, பொட்டலில் நின்ற எங்களுக்குத்தான் பக்கம் தெரியவில்லை.