டெல்பினாவின் வண்டியில் குளிர் நிற்கவில்லை

கேக் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரான ஈகிள் பாஸில் பலர் உண்டு. நூற்றைந்து டிகிரி வெயிலில் அதைச் சாயாமல் கொண்டுபோய் மண்டபத்தில் வைப்பதில்தான் டெல்பினாவுக்குப் பெயர். வீட்டுச் சமையலறையிலேயே சுட்டு, வெண்ணெய்க் கிரீம் பூசி, பழைய வேனின் பின்பக்கம் ஏற்றி, ஏசியை முழுவதுமாகத் திருகிவிட்டு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தக்கபடி மெதுவாக ஓட்டிப் போவாள்.

அந்தப் பெயர் ஜூன் மாதம் ஆட்டம் கண்டது. ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஏசி வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. மண்டபத்தில் கதவைத் திறந்தபோது மேலடுக்கு வழுக்கிக் கீழடுக்கின் தோளில் சாய்ந்திருந்தது. சரிந்த பக்கத்தைப் பூக்களால் மூடிச் சமாளித்தாள். ஆனாலும் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரத்துக்குக் கேக் கேட்டிருந்த இரண்டு பேர் "வேற இடத்துல சொல்லிட்டோம்" என்றார்கள். கையில் மீதமிருந்தது வாடிக்கைக்காரி மிரேயா தன் மகளுக்குக் கல்யாணம்போல நடத்தவிருந்த பதினைந்தாவது பிறந்தநாள் விழா மட்டும். ஜூலை நடுவில், கரீசோவில், ஒரு மணி நேரத் தொலைவில். அதுவும் சரிந்தால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கணவர் சிப்ரியானோ ரயில்வே யார்டில் பிரேக் குழாய்களோடு ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்றவர். வீட்டுக் கூரையிலும் துணி துவைக்கும் எந்திரத்திலும் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை.

"வண்டிய நெல்டா பட்டறையில விட்டுடலாம்," என்றாள் டெல்பினா.

"என்ன கோளாறுன்னு பாக்கறதுக்கே காசு கேக்கறா. பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு இருக்கு. கண்ணாடியத்தான் எங்க வெச்சேன்னு தினமும் என்னைக் கேக்கற."

முதலில் உதிரிபாகக் கடையில் ஏசிக்கான குளிர்வாயு ஒரு கேன் வாங்கி ஏற்றினார். ஒரு வாரம் குளிர்ந்தது. பிறகு வாங்கிய கேனில், கசிவையும் சேர்த்து அடைக்கும் என்று போட்டிருந்தது. ஒரே விலையில் இரண்டு வேலை என்று அவருக்குத் திருப்தி. அதுவும் சில நாள்தான். அதன் பிறகுதான் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தார். பானெட்டைத் திறந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். முன்பக்க இணைப்பு ஒன்றில் தூசி எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருந்தது. கசிவு அங்கேதான்.

முன்பணம் கட்டினால் கடையிலேயே அழுத்த மானிகளையும் காற்றுறிஞ்சும் பம்பையும் கடன் தருவார்கள். வாங்கி வந்தார். உள்ளே இருந்த வாயு முழுவதும் ஏற்கெனவே கசிந்து போயிருந்தது. இணைப்பைக் கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. புது வளையத்துக்கு எண்ணெய் தடவிப் போட்டு, அளவாக முறுக்கி, பம்பால் காற்றை உறிஞ்சி, வாயு ஏற்றினார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஏசி ஒரு நிமிடம் குளிர்ந்தது. பிறகு அனல். ஒரு மானியின் முள் உச்சிக்குப் போய் நின்றது. இன்னொன்று பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது.

"என்ன ஆச்சு?" என்றாள் டெல்பினா.

"தெரியல," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அன்று வியாழக்கிழமை. விழா சனிக்கிழமை. பட்டறையில் நெல்டா, வாயுவை உறிஞ்சி ஏற்றும் தன் பெரிய எந்திரத்தை உடனே மாட்டவில்லை. விரல் நீளச் சோதனைக் கருவி ஒன்றைக் குழாய் வாயில் பொருத்திப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

"கசிவு அடைக்கிற மருந்து ஊத்தினீங்களா, பெரியவரே?"

"கேன்லயே கலந்து இருந்துச்சு."

"காத்தோட ஈரம் பட்டா அது கல்லாயிடும். நீங்க குழாயக் கழட்டினப்ப காத்து உள்ள போச்சு. மருந்து உள்ளயே இறுகி வழிய அடைச்சிருச்சு. இதுல என் எந்திரத்த மாட்டினா அதுவும் செத்துரும். தொடமாட்டேன்."

"இடம் நான் கண்டுபிடிச்சது சரிதானே?"

"இடமும் சரி, வளையம் மாத்தினதும் சரி. அந்த மருந்து ஊத்தாம வந்திருந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பேன். இப்ப கம்ப்ரசர்லேருந்து எல்லாத்தையும் மாத்தணும். பொருள் வரவே ஒரு வாரம் ஆகும், அக்கா."

கடைசி வாக்கியத்தை டெல்பினாவைப் பார்த்துச் சொன்னாள். டெல்பினா தலையசைத்தாள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

திரும்பும் வழியில் சிப்ரியானோ, "திட்டிடேன்," என்றார்.

"அப்புறம் திட்றேன், கிழவா. ஐஸ் பெட்டி யார் யார் வீட்ல இருக்குன்னு யோசி."

வெள்ளிக்கிழமை முழுக்கச் சுட்டாள். அடுக்குகளைப் பூசாமலே உறையவைத்தாள். சனிக்கிழமை காலை அவற்றைத் தனித்தனியாக ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, கிரீமை வேறொரு பெட்டியில் புதைத்து, ஜன்னல்களைத் திறந்து போட்டபடி கரீசோவுக்குப் போனார்கள். வழியெல்லாம் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் அடித்தது. மண்டபத்துச் சமையலறையில் நின்றபடியே அவள் அடுக்கினாள், பூசினாள், கிரீம் ரோஜாக்களைப் பிழிந்தாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நாளில் செய்கிற வேலை. சிப்ரியானோ பெட்டி பெட்டியாகச் சுமந்தார், கரண்டி கழுவினார், கேட்காத எதற்கும் வாய் திறக்கவில்லை.

இசை தொடங்கியபோது கேக் நேராக நின்றது. மிரேயா அதைச் சுற்றி வந்து, டெல்பினாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். பிறகு மிரேயாவின் அத்தை ஒருத்தி இறைச்சியும் பீன்ஸும் சோறும் வைத்த இரண்டு தட்டுகளோடு சமையலறைக்குள் வந்தாள்.

"அக்டோபர்ல என் பொண்ணுக்குக் கல்யாணம். செஞ்சு கொடுப்பியா?"

"எங்க?"

"டெல் ரியோல."

"கொண்டாந்து கொடுக்கறேன்," என்றாள் டெல்பினா.

அத்தை போனதும் சிப்ரியானோ தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அதுக்குள்ள நெல்டாகிட்ட விட்டு எல்லாத்தையும் மாத்திடலாம்."

"மாத்து. ஆனா அவ பக்கத்துல நின்னு எப்படி முறுக்கணும்னு அவளுக்குச் சொல்லிக் கொடுக்காத."

அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, பெட்டிகளில் உருகிக் கிடந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வண்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுவரப் போனார். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்த டெல்பினா, வீங்கிய கால்களைக் காலணிக்குள் நுழைக்க மனமில்லாமல், அவர் ஹாரன் அடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.