மலைக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை

உமாதேவிக்கு நாற்பத்தொரு வயது. அல்லிநகரத்தில் வீடு, ஒரு நூற்பாலையின் தரச்சோதனைப் பிரிவில் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், பூப்பாறைக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போன அவள் கணவன் முத்துக்குமரன் போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து சிக்கிக்கொண்டான். பகல் முழுக்கப் போன் போகவில்லை. அதே வரிசையில் ஜீப்போடு நின்ற கட்டப்பனை சசிதரன், வண்டியிலிருந்த, உரிமம் வாங்கிய ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி செட்டில் மதுரைக்காரர் ஒருவரைப் பிடித்து, சிக்கியவர்களின் பெயர்களையும் வீட்டுப் போன் நம்பர்களையும் வாசித்திருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் நல்லாருக்காரும்மா" என்று மதுரையிலிருந்து போன் வந்தபோதுதான் உமாதேவிக்கு மூச்சு வந்தது.

மறுவாரமே அந்த வானொலி உரிமப் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாள். தேறினாள். பல மாதம் கழித்து உரிமமும் வந்தது. சசிதரன் ஞாயிறு காலை ஏழரைக்கு நாற்பது மீட்டர் அலைவரிசையில் ஒரு கூட்டம் நடத்துகிறார். ஒவ்வொருவராக, வானொலியில் தங்கள் பெயராக உரிமத்தோடு கிடைத்த அழைப்புக்குறியைச் சொல்லிச் சேர்ந்துகொள்வார்கள். அதில் ஒருநாள் தன் குரலும் கேட்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

செட் வாங்கினாள். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை ஒன்றும் வேண்டும். "டிரான்ஸ்பார்மர் வச்சது செங்கல் கனம் இருக்கும் மேடம். இது சோப்பு டப்பா மாதிரி, லேசு" என்று கடைக்காரர் போனில் சொன்னதை நம்பி லேசானதையே வாங்கினாள். மாடியில் நட்டுவைக்க நெட்டுக்குத்தாக ஒரு கம்பி ஆன்டெனா.

முதல் ஞாயிறு செட்டைப் போட்டதும் காதில் விழுந்தது வண்டுக்கூட்டம் போன்ற ஓர் இரைச்சல் மட்டும். அதற்கு அடியில் சசிதரனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

டியூப் லைட்டை அணைத்தாள். பிரிட்ஜைப் பிடுங்கினாள். இரைச்சல் அசையவில்லை. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தாள். பக்கத்து வீட்டுப் பவுனக்கா பக்கத்துச் சுவரில் அது கொர்ரென்று கத்தியது. பவுனக்கா ஜாக்கெட் தைப்பவள். மோட்டார் வைத்த தையல் மெஷின்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் மெஷின நிறுத்துங்க. ஒரு மணி நேரம்."

"தீவாளிக்கு ஆளுக முன்னாடியே வந்து துணி குடுத்துட்டுப் போயிருக்காக. நிறுத்தச் சொல்றியே?" என்றாலும் பவுனக்கா நிறுத்தினாள். மூன்று ஞாயிறு. இரைச்சல் மூன்று ஞாயிறும் அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம் உமாதேவி பொறுமை இழந்து, "நிறுத்துறேன்னு சொல்லிட்டு உள்ள ஓட்டுறீகளா?" என்று கேட்டுவிட்டாள். பவுனக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாவது வாரம் மின்வாரியம் பராமரிப்புக்காகத் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தியது. உமாதேவி முத்துக்குமரனின் பிக்கப் வண்டி பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து செட்டை ஓட்டினாள். பளிங்கு போல் அமைதி. மின்சாரம் வந்தது. பேட்டரியிலேயே ஓட்டினாள், அப்போதும் அமைதி. வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பவுனக்காவின் மெஷினும். கடைசியாக அந்த லேசான பவர் சப்ளையின் பிளக்கைச் செருகினாள்.

வண்டுக்கூட்டம் திரும்பி வந்தது.

ஒரு மாதமாகத் தன் மேஜையிலேயே உட்கார்ந்து கத்தியது அதுதான். உமாதேவிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உடனே பவுனக்கா வீட்டுக்குப் போய், "தப்பு எம்மேலதான்க்கா" என்றாள். "சரி சரி" என்றாள் பவுனக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன்பின் பேட்டரியில்தான் செட். சசிதரன் இப்போது தெளிவாகக் கேட்டார். அவருக்குத்தான் இவள் குரல் கேட்கவில்லை. மலை மறைக்கிறது என்று நினைத்து, ஒரு ஞாயிறு செட்டை பிக்கப்பில் ஏற்றி, வண்டிக் கூரையில் ஒரு நெட்டைக் கம்பியை மாட்டி, முத்துக்குமரனோடு போடிமெட்டுக்கே போனாள். வளைவுக்கு வளைவு கம்பி மரக்கிளையில் அடிபட்டது. மேலே ஏறிக் கூப்பிட்டதும் ஹைதராபாத்திலிருந்து ஒருவர் பதில் சொன்னார். குரல் பிரமாதம் என்றார். சசிதரனோ இவள் குரல் எட்டாமல், "வேறே ஸ்டேஷன் உண்டோ?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தை முடித்தார்.

"ஹைதராபாத்துக்கே கேக்குது, பிறகென்ன?" என்றான் முத்துக்குமரன்.

"எனக்கு ஹைதராபாத்துல யாருங்க இருக்கா? கட்டப்பனைக்குல்ல கேக்கணும்!" மைக்கை சீட்டில் எறிந்தாள்.

அன்று மாலை சசிதரனுக்கே போன் போட்டாள். அவர் சிரித்தார். "நெட்டுக்கு நிக்குற கம்பி தூரத்துக்குப் போகும். பக்கத்து மலையத் தாண்ட, படுக்கையா ஒரு கம்பி கட்டணும். தாழ்வா. அப்ப சிக்னல் நேரா மேல போயி, வானத்துல பட்டுத் திரும்பி இந்தப் பக்கம் விழும்."

இருபது மீட்டர் கம்பி வேண்டும். மாடியின் நீளம் பன்னிரண்டு. மறுமுனையைப் பவுனக்காவின் மொட்டைமாடித் தூணில் கட்டினால்தான் நேராக நிற்கும். இரண்டு நாள் தயங்கிவிட்டுப் போய்க் கேட்டாள்.

"இடி விழும்ங்காக. வேணாம்த்தா" என்றாள் பவுனக்கா. இடிக்காகத்தான் சொன்னாளா என்பது உமாதேவிக்குத் தெரியவில்லை. வற்புறுத்தாமல் திரும்பி வந்தாள்.

கம்பியின் இரண்டு முனைகளையும் மடக்கித் தன் மாடிக்குள்ளேயே கட்டினாள். மடக்கியதில் கம்பியின் அளவு அலைவரிசைக்குப் பொருந்தாமல் போனது. வெட்டினாள், கூடுதலாக வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுப்போட்டாள். விரலில் சால்டரிங் சூடு பட்டுக் கொப்பளித்தது.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டாள். பெருத்த கரகரப்பு. பிறகு சசிதரன் குரல்: "தேனி ஸ்டேஷன், பாதிதான் கேக்குது. குறிய மறுபடி சொல்லுங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நாலு முறை. ஐந்தாவது முறை அவர் திருப்பிச் சொன்னதில் கடைசி எழுத்து தப்பாக இருந்தது. திருத்துவதற்குள் வேறொருவர் பலத்த சிக்னலோடு குறுக்கே வந்து பேசத் தொடங்கிவிட்டார்.

முத்துக்குமரன் எட்டிப் பார்த்தான். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பேர்தான் தப்பா எழுதிட்டாக."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியை மறுபடி சரிசெய்யக் குறடோடு மாடிக்கு ஏறினாள்.