மிஷின் காலியாக ஓடும் நேரம்

தாராசுரம் பக்கத்தில் சின்ன அரவை மில் நடத்துகிறேன். வீட்டில் அவித்துக் காயவைத்த நெல்லை ஒரு மூட்டை, அரை மூட்டை என்று கொண்டுவருவார்கள். ஒருவருடையது முடிந்ததும் மிஷினைச் சற்றுக் காலியாக ஓடவிட்டு, உள்ளே தங்கியதையும் அவர் சாக்கில் சேர்த்த பிறகுதான் அடுத்த மூட்டையைக் கொட்டுவேன்.

போன குறுவை அறுவடைக்குப் பிறகு, தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் நிர்வாகப் பாடம் நடத்தும் மேடம் வந்தார். தொழில் செய்பவர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு, என் மில்லில் செய்யலாமா என்றார். சம்மதித்தேன். போனில் நேரம் கேட்டுக்கொண்டு வரும் முறை அவர் யோசனைதான். வாசலில் கூட்டம் குறைந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

அடுத்த யோசனையில்தான் வம்பு வந்தது. "ஒரே ரகத்தை ஒண்ணாக் கொட்டி அரைச்சு, அவங்கவங்க எடைக்குப் பிரிச்சுக் கொடுத்துடலாம்ணா. காலியா ஓடுற நேரம் மிச்சம்."

ஒரு நாள் செய்து பார்த்தோம். சாயங்காலம் வந்த அக்கா ஒருவர் சாக்கில் கைவிட்டு அரிசியை அள்ளிப் பார்த்தார்.

"இது நான் அவிச்ச நெல்லு இல்லையே."

"அதே ரகம்தாங்க, எடையும் சரியா இருக்கு" என்றார் மேடம்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைய விட்டுட்டு, சாயங்காலம் அதே உயரத்துல வேற பிள்ளைய கூட்டிட்டுப் போவீங்களாம்மா?"

மேடமே சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. சாக்கை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். மறுநாளே பழைய முறைக்குத் திரும்பினேன். "ஒரு நாள்ல முடிவு பண்ணாதீங்கண்ணா" என்றார் மேடம்.

பிறகு கல்லூரியில் கூட்டம். சுற்றுவட்டார மில்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து கண்ட முறை என்று, கலந்து அரைப்பதைத் திரையில் போட்டார்கள். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். சும்மா இருந்தால் அது என் சம்மதம். நாளைக்கு ஒவ்வொரு மில்லிலும் என்னைச் சொல்லித்தான் கலப்பார்கள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராது. ஆனாலும் எழுந்து மைக்கைக் கேட்டேன்.

"அப்புறம் பேசிக்கலாம்ணா" என்றார் மேடம், மெதுவாக.

"சேர்ந்து செஞ்சதுன்னு போட்டிருக்கீங்க. அப்ப நானும் சொல்லணும்ல?" என்றேன். "கலந்து அரைக்கிறதை நான் நிறுத்திட்டேன். இனியும் செய்யமாட்டேன்."

அவ்வளவுதான் வந்தது. ஆனால் உட்காரவில்லை. மேடம், "இதுல அண்ணன் ஒத்துக்கலை. அதையும் சேர்த்துத்தான் எழுதணும்" என்று சபையில் சொன்னார். பிறகுதான் உட்கார்ந்தேன்.

இப்போதும் மில்லுக்கு வருகிறார். இரண்டு மூட்டைக்கு நடுவில் மிஷின் காலியாக ஓடும்போது கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான்.

ஓடட்டும்.