தாயின் சம்மதக் கடிதம்

உங்கள் ஒரே மகளை ஒரு மடம் கேட்டால் கொடுப்பீர்களா?

சூஃபென்னிடம் கேட்டார்கள். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் சீனப் பெண் அவர். வயது அறுபத்திரண்டு, கணவர் இல்லை. மகள் யீவென் தலையை மழித்துப் பிக்குணியாகப் போகிறாள். பெற்றவர் சம்மதிக்காமல் சேர்ப்பதில்லை என்பது பௌத்த மடங்களின் பழைய விதி.

சீனாவுக்குப் பௌத்தம் வந்தபோதே எதிர்த்தவர்கள் கேட்டார்கள்: பெற்றோர் தந்த மயிரை மழிக்க நீ யார்? குடும்பத்தை யார் தொடர்வது? ஒருவர் துறந்தால் பெற்றோருக்கே புண்ணியம் என்றன மடங்கள். அரசர்கள் மடங்களைக் கட்டினார்கள், இடித்தார்கள். தாய்மார் நினைத்ததை எழுதிவைக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை.

சூஃபென் நினைத்ததையாவது எழுதலாம். அவர் பொறாமைப்பட்டார். தலைமைப் பிக்குணிக்கு மகள் தோடம்பழம் உரித்து, நார் நீக்கி, சுளை சுளையாகக் கொடுத்ததைக் கண்டிருந்தார்.

"எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்லை" என்று கூட வேலைசெய்யும் தவமணியிடம் பொருமினார். பேச்சு என்னவோ இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான்.

"விடுங்கோ அக்கா. என்ரை மனுசன் மாலை போட்டு நாற்பத்தொரு நாள் சாமியாய் இருந்தவர். நாற்பத்திரண்டாம் நாள் கோழிக்கறி கேட்டார்."

"உன்ரை ஆள் திரும்பி வந்திட்டார். இவள் வருவாளோ?"

சூஃபென் போட்டிக்கு இறங்கினார். ஞாயிறன்று இறைச்சியே சேர்க்காமல் நாற்பது டம்ப்ளிங் அவித்து மடத்துக்குக் கொண்டுபோனார். மாவுக்குள்ளே கோவா இலை, காளான், மணக்க மணக்க உள்ளிப்பூண்டு. சீனப் பிக்குணிகள் உள்ளியையும் தொடமாட்டார்கள் என்பதை மறந்துவிட்டார்.

யீவென் தட்டைத் தள்ளிவைத்தாள். "இது ஆகாதம்மா."

தலைமைப் பிக்குணி சிரித்தார். "தாய் சமைத்தது. சாப்பிடு."

உடனே சாப்பிட்டாள். அதைத்தான் சூஃபென்னால் தாங்க முடியவில்லை. தன் கைச்சமையலை மகள் இன்னொருத்தி சொல்லித்தானே தின்றாள்!

மறுவாரம் அவர் கையெழுத்து வைக்கவேண்டிய சம்மதக் கடிதம் மடத்திலிருந்து வந்தது: 'மனமகிழ்ந்து சம்மதிக்கிறேன்.' சூஃபென் 'மனமகிழ்ந்து' என்பதை வெட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். மடம் அதை ஏற்காமல் புதுப் பிரதி அனுப்பியிருக்கிறது. பக்தைகள் தினமும் தொலைபேசியில் பாவபுண்ணியம் ஓதுகிறார்கள்.

மகளுக்கு முப்பத்தொரு வயது. போக உரிமை உண்டு. எரிகிற வயிற்றோடு வழிவிடத் தாய்க்கும் உரிமை உண்டு. இல்லாத மகிழ்ச்சியை அவரிடம் எழுதி வாங்க எந்த மடத்துக்கும் உரிமை இல்லை. கோயிலோ விகாரையோ தேவாலயமோ, உங்கள் கண்முன் ஒரு தாயை இப்படி நெருக்கினால் எழுந்து நில்லுங்கள். அவர் வெட்டித் திருத்திய கடிதத்தையே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.