நடு ஆணி

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. முப்பத்தோரு வருஷம் ஊரார் கண்ணுக்கெல்லாம் வழி பண்ணிய மனுஷன், கண்ணெதிரே தொங்கும் சட்டையைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப்போடுவார். ஆனால் ஒரு மடக்குக் கத்தியைக் கையில் கொடுத்தால், எந்த வருஷத்துக் கத்தி என்று அலகைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

எல்லாக் கத்தியும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்து மூடிப்போன ஃபேக்டரியின் பேனாக்கத்தி மட்டும்தான். ஒரே மாடலை இருபத்தாறு வருஷம் செய்தார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அவருக்கு அப்படி இல்லை. முதலில் வந்ததில் நகம் வைத்துத் திறக்கிற பள்ளம் நீளம், பிறகு குட்டை. முத்திரை முதலில் அலகின் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். இடையில் ஒரே ஒரு வருஷம் பித்தளைக் கம்பி தட்டுப்பாடாகிப்போய், பிடியில் அடிக்கிற மூன்று ஆணிகளில் நடு ஆணியை மட்டும் இரும்பில் அடித்தார்கள். அந்த வருஷத்துக் கத்திக்குத்தான் சேகரிக்கிறவர்கள் நாயாக அலைவார்கள். ஆணி மாறின வருஷம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்; எந்த ஆணி என்பது இவருக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையானால் நாலு பேராவது எங்கள் வீட்டு முன்னறையில். கத்தியோடு நிற்கிற ஆண்பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே கதவு திறந்துவிடுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். இவர் பார்த்து 'சரி' என்றால் சரி, 'இல்லை' என்றால் இல்லை. இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அந்தச் சொல் ஒன்றுதான் அவர் சம்பாத்தியம்.

போன வருஷம் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. கண் தெளிவு, பேனாதான் நிற்கவில்லை. தெரிந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுதிய ஒரு பக்கத்தில், நடு ஆணி பித்தளை, ஓரத்து ஆணிகள் இரும்பு என்று தலைகீழாக எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தவர் சிரித்தார்.

"புது மாடலே கண்டுபிடிச்சுட்ட போல."

"அடிச்சுட்டு எழுதவா?"

"விடு, பக்கம் அழகா இருக்கு. எனக்குத் தெரியாதா என்ன?"

என் தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். மச்சானின் கத்திப் பைத்தியத்தைப் பத்து வருஷமாகக் கிண்டல் பண்ணியவன். இவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள் வந்து, "அக்கா, மச்சான் நோட்டைக் கொடேன், படிச்சுட்டுத் தர்றேன்" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் பக்கத்து ஆள் ஒருவனாவது இவரை மதிக்கிறானே என்று எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாளில் திருப்பித் தந்தான். இவரிடம் நான் சொல்லவில்லை.

போன ஞாயிறு பல் டாக்டர் வந்தார். ரொம்ப வருஷப் பழக்கம். முகமெல்லாம் பல்லாக மேஜைமேல் ஒரு கத்தியை வைத்தார்.

"கடைசியில கெடச்சிருச்சு சார்."

இவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். லென்ஸைக்கூடத் தொடவில்லை.

"இது இப்ப செஞ்சது டாக்டர். நடுவுல பித்தளை, ஓரத்துல இரும்பு. ஃபேக்டரியிலேர்ந்து இப்படி ஒண்ணுகூட வந்ததில்ல."

"என்ன சார், உங்க நோட்டுலயே அப்படித்தானே இருக்கு?" என்று டாக்டர் ஃபோனை நீட்டினார். கத்தியை விற்ற புரோக்கர் ஆதாரமாக அனுப்பிய படம். என் கையெழுத்து. பால் பொங்கியதென்று நான் எழுந்து ஓடியபோது இழுத்த மைக்கோடுகூட அதில் இருந்தது.

அறையில் இருந்த எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். பொண்டாட்டி தப்பாக எழுதிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நோட்டு என்னோடது. தப்பும் என்னோடதுதான்" என்றார்.

டாக்டர் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இன்னொருவர் தான் கொண்டுவந்ததைக் காட்டாமலே எழுந்து போனார்.

எல்லாரும் போனபிறகு, "உன் தம்பிகிட்ட எத்தனை நாள் இருந்துச்சு?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. லேத்தில் கடைந்த ஆணித் தலை அவருக்குத் தெரியாதா?

"மூணு நாள்."

தலையை ஆட்டினார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

தம்பியைக் கிழி கிழியென்று கிழிக்கத்தான் ஃபோன் பண்ணினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"ஆணி விஷயம் தப்புன்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா? இன்னும் அஞ்சு கத்தி அதே மாதிரி செஞ்சு வெச்சிருக்கேன்."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சு. அவன் என்னை ஏமாற்றினான், சரி. ஆனால் இவரை ஏமாற்றியவர்களில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேனே, அதை எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் காலை இவர் புது நோட்டு வாங்கிவந்தார். வழக்கம்போல நான் பேனாவோடு பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். பேனாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீ உன் வேலையப் பாரு. நானே எழுதிக்கிறேன்."

ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. கோழி கிளறியது மாதிரி எழுத்து. நடு ஆணி இரும்பு. அதற்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டார்.

சாப்பிடக் கூப்பிட்டதும் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த அலமாரிக்குச் சாவி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.