இரண்டாம் கியரில் ஒரு கணக்கு

சித்தப்பா வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், ஒரு ஸ்டெப்னி டயர் எப்போதும் படுத்துக் கிடக்கும். சித்தப்பா மகளும் நானும் அதில் எதிரெதிரே உட்கார்ந்துதான் பிளஸ் டூ படித்தோம். அவள் என்னைவிடச் சில மாதம் இளையவள், முறைக்குத் தங்கை. கணக்கு என்று வந்துவிட்டால் அவள்தான் எனக்கு அக்கா. நான் இன்று தேனியில் ஒரு பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், அது ஊரை ஏமாற்றுகிற வேலைதான். அந்த நாற்காலி நியாயமாக அவளுக்கு உரியது. இதை என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது என்பதால் இங்கே சொல்கிறேன்.

கோணத் திசைவேகக் கணக்குகள் என்றால் எனக்கு ஆகாது. அந்தக் கணக்குகளில் வரும் மின்விசிறிகள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. சக்கரம் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கொடுத்திருப்பார்கள். அதை ரேடியனுக்கு மாற்றி, சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கினால் வண்டி சாலையில் போகிற வேகம் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். நான் ஒவ்வொரு முறையும் ரேடியனுக்கு மாற்ற மறந்துவிடுவேன். விடை பரிதாபமாகச் சிறுத்துப்போய் வந்து நிற்கும். "ஏடி, உன் சைக்கிள்ல ஏறுனா உத்தமபாளையம் போய்ச் சேரங்குள்ள ரிசல்ட்டே வந்துரும்" என்று தங்கை சிரிப்பாள். அவள் சிரித்தால் அடுப்படியில் இருக்கும் சித்திக்கும் சிரிப்பு வரும். என்ன ஏது என்றுகூடக் கேட்கமாட்டாள்.

சித்தப்பா ஜீப் ஓட்டினார். விடிவதற்கு முன்பே ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொண்டு இறங்குவார். சித்தியும் அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போவாள். டிரைவர் பெண்டாட்டி என்று முன்சீட்டில் உட்கார்ந்துகொள்ள மாட்டாள். அந்த இடத்தை வயதானவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓரத்தில் ஒண்டிக்கொள்வாள். நாங்கள் பொதுத்தேர்வு எழுத வேண்டிய அந்த வருடம், பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், மலையிறங்கும்போது ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்து சரிவில் உருண்டது. பின்னால் இருந்த சித்தியும், பக்கத்து வீட்டு மதினியும் அங்கேயே இறந்துபோனார்கள். மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. சித்தப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது.

"பறந்துல்ல வந்தான்" என்று ஊர் சொன்னது. பிழைத்து வந்த பெண்களும் அதையேதான் சொன்னார்கள். சித்தப்பா போலீசாரிடமும் துக்கம் கேட்க வந்தவர்களிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: "ரெண்டாம் கியர்லதான் வந்தேன். எதுக்க லாரி வந்துச்சு. ஒதுங்குனேன், ரோட்டோரம் மண்ணு சரிஞ்சிருச்சு." கொஞ்ச நாளில் குழாயடியில் தங்கையைக் கண்டால் பேச்சு நின்றுபோனது. மதினியின் புருஷன், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எங்கள் பக்கத்துச் சன்னலை அடைத்தே வைத்தார். அம்மாவைப் பறிகொடுத்த பெண், அப்பாதான் அம்மாவைக் கொன்றார் என்ற பேச்சையும் சேர்த்துச் சுமந்தாள். அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது சொன்னாள்: "அப்பா ரெண்டாம் கியர்ல வந்திருந்தா எம்புட்டு வேகம் வந்திருக்க முடியும்? கணக்குப் போட்டா தெரிஞ்சிரும்டி." மறுநாளே சித்தியின் தையல் டேப்பை எடுத்து, நாங்கள் உட்கார்ந்து படித்த டயரையே அளந்தாள். கம்பத்தில் சித்தப்பா வழக்கமாக வண்டி விடுகிற ஒர்க்‌ஷாப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த மெக்கானிக்குக்கு நாங்கள் கேட்டது முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இரண்டாம் கியரில் எஞ்சின் கத்து கத்தென்று கத்தினாலும் அந்த ஜீப்பின் சக்கரம் நிமிடத்துக்கு இருநூற்றெண்பது சுற்றுக்கு மேல் சுற்றாது என்றார். பஸ்ஸில் வரும்போதே, மடியில் ஒரு தாளை வைத்து அவள் கணக்கை முடித்துவிட்டாள். சுற்றை ரேடியனாக மாற்றினாள், ஆரத்தால் பெருக்கினாள். எப்படிப் பார்த்தாலும் மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர். "பஸ்ஸே இதவிட வேகமா எறங்கும். இது பறக்குறதா?" என்று கேட்டாள். சித்தி போன பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தை அன்றுதான் பார்த்தேன். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்களுக்கு அது சித்தப்பாவே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் சித்தப்பா தோளில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து, வகுப்பில் சொல்கிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் தாளைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு, "இத அண்ணன் வீட்ல காட்டிட்டு வந்துர்றேன்ப்பா" என்று எழுந்தாள்.

"ஆத்தா, இங்கன உக்காரு" என்றார். "நீ போட்டது சரியாத்தான் இருக்கும். நான் கியர்ல வரலத்தா. குமுளி தாண்டுனதும் நியூட்ரல்ல விட்டேன். பிரேக்க மிதிச்சு மிதிச்சு, கடைசில நிக்கல."

"லாரி?" என்றாள் தங்கை.

"லாரி வரல. அத எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போகாதத்தா. பொண்டாட்டியப் பறிகுடுத்தவன் முன்னால நீ போய் நிக்கக் கூடாது."

மலையிறங்கும்போது நியூட்ரலில் விடுவது அந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குச் சாதாரணம். டீசல் மிச்சமாகும். கியரை விட்டுவிட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத விஷயமில்லை. சின்ன வயதில் அந்த ஜீப்பில் வரும்போது, எஞ்சின் சத்தம் அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும் இடத்தில்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். ஆனாலும் கணக்குப் போடும்போது அது எங்கள் நினைப்பிலேயே வரவில்லை. சித்தப்பா ரெண்டாம் கியர் என்று சொன்னார், நாங்கள் எழுதிக்கொண்டோம். இப்போது வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது, 'கொடுக்கப்பட்டவை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நான் சற்று நின்றுவிடுகிறேன். டீச்சருக்கு மறந்துபோச்சு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சித்தப்பா மறுநாள் அண்ணன் வீட்டுக்குத் தானே போய் உண்மையைச் சொன்னார். அண்ணன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை; கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்து சித்தப்பா ஸ்டேஷனுக்குப் போனார். கோர்ட்டிலும் மாற்றிச் சொல்லவில்லை. மதுரைச் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தவர் ஊருக்கு வரவே இல்லை. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறார் என்று தகவல் வந்தது. தங்கை எப்படியோ பரீட்சை எழுதிப் பாஸானாள், கல்லூரிக்குப் போகவில்லை. ஆண்டிபட்டியில் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணத்துக்கும் சித்தப்பா வரவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்" என்று யாரிடமோ சொல்லியனுப்பினார். அவள் மலையேறிப் போய்த் தேடினால், அவர் வேறு தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். பிள்ளை பிறந்ததும் அதையும் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த ஆட்கள் அதே பதிலைத்தான் சொன்னார்களாம். கதவுக்குப் பின்னால் அவருடைய இருமல் கேட்டது என்று என்னிடம் சொன்னாள்.

சில வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், அதே மலைப்பாதை வழியாக அவர் உடலைக் கொண்டுவந்தார்கள். எடுத்துப் போன பிறகு, அடைத்துக் கிடந்த வீட்டில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சித்தப்பா உண்மையச் சொன்னாகடி. எத்தன பேருக்கு அந்த மனசு வரும்" என்றேன்.

அவள் தூங்கிப்போன பிள்ளையை மடியில் சரித்துப் படுக்கவைத்தாள்.

"அம்மா போனது விபத்துடி. இந்த ஒத்த வார்த்தைய அப்பாகிட்டச் சொல்லணும்னுதான் அத்தன தடவ மலையேறுனேன். காதுல வாங்காமலே போயிட்டாக."